சாம்பலிடம் சான்று கேட்பவர்கள்

காலனியம் குறித்துப் பேச்செடுத்தால் நம் இலக்கியச் சூழலில் ஒரு பதில் தயாராக இருக்கிறது. வெள்ளையர் கொடுமை செய்தார்கள்தாம். ஆயினும் எல்லாவற்றையும் எழுதிவைத்தார்கள், கோப்புகளைப் பேணினார்கள், அவர்களுடைய ஆவணங்களைக் கொண்டே அவர்களை விமர்சிக்க முடிகிறது என்பார்கள். வாய்மொழிச் சாட்சியமும் நாவலும் உணர்ச்சிப்பெருக்கு, ஆவணமே வரலாறு என்பது இதன் உட்பொருள். கென்யாவில் நடந்ததை அறிந்த எவரும் இதை இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதே நம் தரப்பு.

1952 அக்டோபரில் கென்யாவின் ஆளுநர் ஈவ்லின் பேரிங் அவசரநிலையை அறிவித்தார். வளமான மேட்டுநிலங்களை வெள்ளைக் குடியேறிகளுக்கு ஒதுக்கி, கிக்கூயு மக்களைச் சொந்த மண்ணிலேயே கூலிகளாக்கியதன் விளைவுதான் மாவ் மாவ் எழுச்சி. அது தூய்மையான எழுச்சி என்று நாம் வாதிடவில்லை. அரசுக்குத் துணைநின்ற கிக்கூயு மக்களையும் அது கொன்றது. ஆனால் உலகப் பத்திரிகைகளை நிறைத்தவை வெள்ளைக் குடியேறிகளின் மரணங்கள். அவற்றின் எண்ணிக்கை 32. தூக்கிலிடப்பட்ட ஆப்பிரிக்கர்களோ ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். 10 லட்சத்துக்கும் அதிகமான கிக்கூயு மக்கள் வேலியிட்ட கிராமங்களுக்குள் அடைக்கப்பட்டனர்.

1959 மார்ச் 3 அன்று ஹோலா தடுப்புமுகாமில் 11 கைதிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அரசின் முதல் அறிக்கை, அவர்கள் குடித்த தண்ணீரின் மேல் பழியைப் போட்டது. ஆவணம் மட்டுமே வரலாறு என்றால், அந்த 11 பேரும் தண்ணீர் குடித்துச் செத்தவர்கள். இதற்கு இரண்டாண்டுகள் முன்பே காலனியின் தலைமை வழக்கறிஞர் எரிக் கிரிஃபித் ஜோன்ஸ் ஆளுநருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார்: பாவம் செய்தே ஆகவேண்டுமென்றால் அதைச் சத்தமின்றிச் செய்யவேண்டும் என்பது அதன் சாரம்.

சத்தமின்மைக்கு அடுத்த கட்டம் நெருப்பு. பிரிட்டிஷ் அரசுக்குச் சங்கடம் தரக்கூடிய எதையும் புதிய அரசுகளிடம் ஒப்படைக்கக் கூடாதென்று 1961இல் காலனிகளுக்கு உத்தரவு போனது. கோப்புகளை எரிக்கவேண்டும்; எரித்த சாம்பலையும் நொறுக்கிவிடவேண்டும்; எரிக்க முடியாதவற்றைக் கனமேற்றிய பெட்டிகளில் வைத்து ஆழ்கடலில் அமிழ்த்தவேண்டும் என்ற அளவுக்கு வழிமுறைகள் வகுக்கப்பட்டன. மலாயாவிலும் 1957இல் கோப்புகள் லாரிகளில் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டுக் கடற்படையின் எரியுலையில் போடப்பட்டன. அங்கே பால்மரம் வெட்டிய தமிழர்களைப் பற்றி அக்கோப்புகளில் என்ன இருந்திருக்கும் என்பதை இனி எந்த ஆய்வாளரிடம் கேட்பது?

எரியாமல் தப்பியவை பிரிட்டனுக்குக் கொண்டுபோகப்பட்டு, ஹான்ஸ்லோப் பார்க் என்னும் அரசு வளாகத்தில் ஒளித்துவைக்கப்பட்டன. 37 முன்னாள் காலனிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 8,800 கோப்புகள் அங்கிருப்பதை 2011இல்தான் பிரிட்டிஷ் அரசு ஒப்புக்கொண்டது. அதுவும் தானாக முன்வந்து அல்ல. சித்திரவதைக்குள்ளான முதிய கென்யர்கள் 2009இல் லண்டனில் தொடுத்த வழக்கு அதை வெளியே இழுத்தது. அவ்வழக்கில் அரசு முன்வைத்த வாதங்களைப் பாருங்கள். சுதந்திரத்தோடு பொறுப்பு கென்ய அரசுக்குப் போய்விட்டது என்றார்கள். அது எடுபடாதபோது, காலம் கடந்துவிட்டது, சாட்சிகள் இறந்துவிட்டார்கள் என்றார்கள். கோப்புகளை அரை நூற்றாண்டு ஒளித்தவர்களே தாமதத்தைக் காரணம் காட்டினார்கள்.

வரலாற்றாசிரியர் கேரலைன் எல்கின்ஸ் 2005இல் தம் நூலை வெளியிட்டபோது, வாய்மொழிச் சாட்சியங்களைச் சார்ந்திருப்பதாகச் சக வரலாற்றாசிரியர் சிலர் அவரைச் சாடினர். முகாம்களில் வன்முறை திட்டமிட்ட முறைமையாக இருந்தது என்ற அவருடைய வாதத்துக்குப் பின்னர் வெளிவந்த கோப்புகள் வலுச்சேர்த்தன. நினைவு பிசகும் என்பது நமக்கும் தெரியும். பிசகிய நினைவை ஆவணத்தோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். எரித்த ஆவணத்தை எதனோடு ஒப்பிடுவது?

2013 ஜூனில் 5,228 பேருக்காக 1.99 கோடி பவுண்டு தர பிரிட்டன் இசைந்தது, வருத்தம் தெரிவித்தது, சட்டப்பொறுப்பை மட்டும் ஏற்க மறுத்தது. 2023இல் கென்யா சென்ற மன்னர் சார்லஸும் ஆழ்ந்த வருத்தத்தோடு நிறுத்திக்கொண்டார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை.

இந்த மௌனத்தைச் சுதந்திர கென்யாவும் சுவீகரித்துக்கொண்டது என்பதே பெருந்துயரம். 1950இல் காலனிய அரசு மாவ் மாவ் இயக்கத்தின் மேல் விதித்த தடை 2003 வரை நீடித்தது. தெதான் கிமாதியை 1957இல் தூக்கிலிட்ட அதே காமிட்டி சிறையில்தான், இருபதாண்டுகளுக்குப் பின் கூகி வா தியாங்கோவைச் சுதந்திர அரசு விசாரணையின்றி அடைத்தது. கிக்கூயு மொழியில் கிராமத்தாரோடு சேர்ந்து நாடகம் போட்டதே அவர் குற்றம். தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று நாம் வாசித்த நாவலை அவர் அங்கே கழிப்பறைத் தாளில் எழுதினார்.

ஒரு பக்கம், அரசாங்க முத்திரையோடு இருந்து சாம்பலாக்கப்பட்ட காகிதம். மறுபக்கம், கழிப்பறைத் தாளிலிருந்து உலகுக்கு வந்து சேர்ந்த நாவல். இதில் எது ஆவணம், எது உணர்ச்சிப்பெருக்கு? இலக்கியத்தை வரலாற்றின் வாசலில் நிறுத்திச் சான்று கேட்கும் நண்பர்கள், முதலில் எரித்தவர்களிடம் கணக்குக் கேட்கட்டும்.