இழை எச்சரிக்கும், காணி யார் தருவது?

ஆர்க்டிக்கில் கடற்பனி இழுபட்டு வெடிப்பதை அறிய, ஆய்வாளர்கள் அதில் ஒளியிழை வடங்களைப் பதிக்கிறார்கள். நம் வீடுகளுக்கு இணையம் கொண்டுவருகிற அதே வகைக் கண்ணாடி இழைதான். உள்ளே அனுப்பும் லேசர் ஒளியில் மிகச் சிறு பகுதி சிதறித் திரும்பும். இழை இழுபட்டால் திரும்பும் ஒளி மாறும். எந்த இடத்தில் என்பதும் தெரியும். சீனாவில் மலைச்சரிவுகளையும் இப்படிக் கண்காணிக்கிறார்கள்.

பனியில்லாத இலங்கையிலும் இழுபடும் நிலம் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. பலரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் மலையகம் சரிந்தது.

புதுக்கடை நீதிமன்றங்களில் செய்தி சேகரிக்கும்போது நான் அடிக்கடி கேட்கும் கேள்வி, 'முன்பே தெரியுமா?' என்பது. மீரியபெத்தயில் தெரிந்திருந்தது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவகம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆனால் அந்த மக்களுக்குச் சொந்தக் காணி இல்லை. வீடு, வேலை இரண்டுமே தோட்டத்தோடு கட்டப்பட்டிருந்தன.

'வெளியேறு' என்று சொல்லிவிட்டு எங்கே போவது என்று சொல்லாத அறிவிப்பின் பொருள், போரில் இடம்பெயர்ந்த நமக்கு நன்றாகவே தெரியும்.

ஒளியிழை மலையகத்துக்கு வரட்டும். அது சில மணி நேரத்தையோ சில நாட்களையோ வாங்கித் தரலாம். ஆனால் பாதுகாப்பான இடத்தில் உறுதியோடு காணி கிடைக்கும்வரை, எச்சரிக்கப்பட்டவர்கள் மழை விட்டதும் அதே லயனுக்குத்தான் திரும்புவார்கள்.