மணமுறிவா குற்றவாளி?

மணமுறிவே பிள்ளைகளைச் சிதைக்கிறது என்போர், நோவா போம்பாக்கின் ‘த ஸ்குவிட் அண்ட் த வேல்’ (2005) என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைத் தமக்குச் சான்றாகக் கொள்ளக்கூடும். அப்படமோ அக்கூற்றைத் தொடக்கக் காட்சியிலேயே மறுத்துவிடுகின்றது.

1986ஆம் ஆண்டுப் புரூக்ளினில் நிகழும் இக்கதை டென்னிஸ் ஆட்டமொன்றுடன் தொடங்குகின்றது. தந்தையும் மூத்தவன் வோல்ட்டும் ஒருபுறம். தாயும் இளையவன் பிராங்கும் மறுபுறம். பெற்றோர் பிரியுமுன்னரே அணிகள் பிரிந்துவிட்டன என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

பெற்றோர் இருவரும் எழுத்தாளர்கள். ஆயினும், வாரத்தின் நாட்களையும் வீட்டுப் பூனையையும் பங்கிடும் அவர்கள், பிள்ளைகளின் பற்றையும் பங்கிடத்தக்க சொத்தாகவே கருதுகின்றனர். தான் படியாத நூல்களைப் பற்றித் தந்தையின் தீர்ப்புகளை வோல்ட் ஒப்புவிக்கின்றான். பிறர் இயற்றிய பாடலைத் தனதெனப் பாடிப் பரிசும் பெறுகின்றான். நாம் சிரிக்கின்றோம், தனக்கெனக் குரலற்றுப்போன சிறுவனைப் பார்த்தே சிரிக்கின்றோம்.

சேர்ந்து வாழ்ந்திருந்தால் இக்கேடு நேர்ந்திராது என்பது வெறும் நம்பிக்கை. ஒரே கூரையின் கீழும் பிள்ளையைச் சாட்சியாகவும் தூதனாகவும் நடத்த இயலும். இறுதியில், அருங்காட்சியகத்திலே பொருதி நிற்கும் திமிங்கிலத்தையும் இராட்சதக் கணவாயையும், சிறுவயதில் தான் அஞ்சிய அவ்வுருவங்களை, வோல்ட் தனித்து நின்று நேரே நோக்குகின்றான். அக்கணத்தில் அவன் எவரது அணியிலும் இல்லை. பிள்ளைகளுக்கு வேண்டுவது அவ்விடுதலையே. அதனைப் பறிப்பது மணமுறிவு அன்று. பெற்றோரின் உடைமை வெறியே.