எச்சரிக்கை யாருக்கு, சோதனை யாருக்கு?

இலங்கையில் தேவாலயங்கள் தாக்கப்படலாம் என்று 2019 ஏப்ரல் 4 அன்றே இந்திய உளவுத்துறை கொழும்புக்குத் தகவல் கொடுத்துவிட்டது, சஹ்ரானின் பெயரோடு. 17 நாள் கழித்து, ஈஸ்டர் ஞாயிறன்று, 250க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்தது. கொச்சிக்கடையிலும் மட்டக்களப்பிலும் வழிபாட்டுக்குப் போன சனத்திடம் ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை.

அதே மாதம் 26ஆம் தேதி, ராமநாதபுரத்தில் 19 பயங்கரவாதிகள் இருப்பதாகப் பெங்களூரில் ஒருவர் போன் செய்தார். பச்சைப் பொய். ஆனால் பாம்பன் பாலத்தில் உடனே சோதனை!

ஆய்வுக்காக அந்தப் பாலத்தில் அடிக்கடி பஸ்ஸில் போகிறவன் நான். சோதனை என்றால் முதலில் இறக்கப்படுவது தொப்பி போட்ட பாய், மண்டபம் முகாம் அகதி, கடைசி சீட்டில் மீன்கூடையோடு இருக்கும் அக்கா. ஏசி கார் யாத்திரிகர் கண்ணாடியைக்கூட இறக்குவதில்லை.

2008 மும்பைத் தாக்குதலுக்குக் கடத்தப்பட்டது மீனவர்களின் படகு. அதில் கொல்லப்பட்டவர்களும் மீனவர்கள். பிறகு பயோமெட்ரிக் அட்டையைச் சுமப்பது யார்? அதே மீனவர்கள்.

மைத்திரிபால சிறிசேன சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஊரில் எந்தப் பெரிய அதிகாரியின் சட்டைப்பையில் கைவைத்திருக்கிறோம், தோழர்களே?