பாதுகாப்பான தொகுதி யாருக்குப் பாதுகாப்பு?

2024 மக்களவைத் தேர்தலின் கடைசி வாரப் பிரச்சாரத்தின்போது மேலூர்ப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு டீக்கடையில் வாக்குச்சாவடிப் பொறுப்பாளர் ஒருவர் வாக்காளர் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை, எல்லாக் கட்சியிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். ஊர்த் தெருக்களில் வீட்டுக்கு வீடு டிக், சந்தேகமான இடத்தில் கேள்விக்குறி. காலனித் தெருக்கள் மட்டும் மொத்தமாக ஒரே அடைப்புக்குறிக்குள் இருந்தன. "அங்க போகலையாண்ணே?" என்று கேட்டேன். "அது எங்கிட்டுத் தம்பி போகப்போகுது? நம்ம பெட்டியிலதான் விழும்" என்றார்.

மதுரை மக்களவைத் தொகுதியைப் பற்றி நான் படித்த எந்த ஆய்வும் இவ்வளவு சுருக்கமாக உண்மையைச் சொன்னதில்லை.

மதுரையை இப்போது பாதுகாப்பான தொகுதி என்கிறார்கள். சு. வெங்கடேசன் 2019இல் 1,39,395 வாக்கு வித்தியாசத்திலும், 2024இல் 2,09,409 வாக்கு வித்தியாசத்திலும் வென்றார். ஆனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 2009இல் திமுகவின் மு.க. அழகிரி வென்றபோதும் வித்தியாசம் 1,40,985. 2014இல் அதிமுகவின் கோபாலகிருஷ்ணன் ஏறத்தாழ இரண்டு லட்சம் வாக்குகள் முன்னிலையில் வென்றார். நான்கு தேர்தல்கள், மூன்று கட்சிகள், எல்லாமே லட்சத்தைத் தாண்டிய வெற்றிகள். அதாவது, இந்தத் தொகுதி எந்தக் கட்சிக்கும் நிரந்தரப் பாதுகாப்பு இல்லை. கூட்டணிக் கணக்கைச் சரியாகப் போட்டவருக்கு அந்த ஐந்தாண்டுக்கு மட்டும் பாதுகாப்பு.

இதைத் தொழிலாளர் தொகுதி என்றும் சொல்வார்கள். அதற்கு வரலாறு இருக்கிறது. ஹார்வி மில், மீனாட்சி மில் எனப் பஞ்சாலைச் சங்கு ஊதி விடிந்த நகரம் இது. 1957இல் கே.டி.கே. தங்கமணியையும் 1967இல் பி. ராமமூர்த்தியையும், அதாவது இரண்டு தொழிற்சங்கத் தலைவர்களை, டெல்லிக்கு அனுப்பியது. 1999, 2004 தேர்தல்களில் பி. மோகன். வெங்கடேசனின் இரண்டு வெற்றிகளையும் சேர்த்தால் இடதுசாரிகள் இங்கே ஆறு முறை வென்றிருக்கிறார்கள்.

ஆனால் பஞ்சாலைக் காலத்துத் தொழிலாளி இன்று இல்லை. இன்றைய மதுரைத் தொழிலாளி கட்டடத்தில் சித்தாள், மாநகராட்சியின் நூறு வார்டுகளில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், பாதாளச் சாக்கடையில் இறங்குகிறவர். 2022 ஜனவரியில் நேரு நகர் கழிவுநீரேற்று நிலையத்தில் மூன்று தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். எந்த வேலைக்கு எந்தச் சாதி என்பது இந்த நகரத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வர்க்கத்தை மட்டும் எழுதி சாதியை அடைப்புக்குறிக்குள் போட்டால், தொகுதியின் பாதிதான் தெரியும்.

இப்போது வரைபடத்துக்கு வருவோம். மதுரை மாவட்டத்தில் சட்டமன்றத் தொகுதிகள் பத்து. அவற்றில் ஒன்றே ஒன்று, சோழவந்தான், தனித்தொகுதி. 2008 மறுவரையறையில் அது தேனி மக்களவைத் தொகுதிக்குப் போய்விட்டது. மதுரை மக்களவைக்குள் இருப்பவை மேலூர், மதுரை கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு ஆகிய ஆறும். ஆறும் பொதுத்தொகுதிகள். மக்களவைத் தொகுதியும் பொது. இவ்வளவு பெரிய நிலப்பரப்பில் ஒரு தலித் வேட்பாளரை நிறுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சட்டமன்றத்துக்கும் இல்லை, நாடாளுமன்றத்துக்கும் இல்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1952இல் மதுரை இரட்டை உறுப்பினர் தொகுதி. வென்ற இருவரில் ஒருவர் மேலூர் தும்பைப்பட்டியைச் சேர்ந்த கக்கன். 1939இல் மீனாட்சியம்மன் கோயில் நுழைவில் உள்ளே சென்றவர்களில் ஒருவர். கோயிலுக்குள் போன அந்தக் கால்கள் பதின்மூன்று ஆண்டுகளில் நாடாளுமன்றத்துக்குள்ளும் போயின. பிறகு இரட்டை உறுப்பினர் முறையே 1961இல் சட்டம் போட்டு ஒழிக்கப்பட்டது. 1957 தொடங்கி 2024 வரை பதினேழு பொதுத் தேர்தல்கள். காங்கிரஸ், கம்யூனிஸ்ட், த.மா.கா., ஜனதா, திமுக, அதிமுக எல்லோரும் வென்றுவிட்டார்கள். கக்கனுக்குப் பிறகு மதுரையிலிருந்து ஒரு தலித் நாடாளுமன்றம் போகவில்லை.

"வெற்றி வாய்ப்பு" என்பார்கள். பொதுத்தொகுதியில் தலித் வேட்பாளரை நிறுத்தினால் மற்ற சாதி ஓட்டு விழாது, கூட்டணி தோற்கும், நமக்கும் ஆசைதான், ஆனால் களம் அப்படி. இந்தச் சமாதானத்தைப் போட்டி கடுமையான தொகுதியில் சொன்னால் பேசிப் பார்க்கலாம். இரண்டு லட்சம் வாக்கில் வெல்கிற தொகுதியில் எப்படிச் சொல்வது? சாதிக் கணக்கை மீறுவதற்கு ஒரு கட்சிக்கு எங்காவது துணிச்சல் வர வேண்டுமென்றால், அது பாதுகாப்பான தொகுதியில்தான் வர வேண்டும். அங்கேயும் வரவில்லை என்றால், தடுப்பது தோல்வி பயம் இல்லை.

உடனே ஒரு எதிர்வாதம் வரும். அதையும் நேர்மையாகப் பார்ப்போம். 2024இல் வெங்கடேசன் பெற்றது 4,30,323. பாஜக 2,20,914, அதிமுக 2,04,804. இரண்டையும் கூட்டுங்கள்: 4,25,718. இரண்டு லட்சம் என்று நாம் கொண்டாடிய வித்தியாசம் வெறும் 4,605 ஆகிவிடுகிறது. 2025 ஏப்ரலில் அந்த இரண்டு கட்சிகளும் மறுபடி கைகோத்தன. அதே ஆண்டு ஜூனில் இந்து முன்னணி முருகனின் பெயரால் மதுரையில் மாநாடே நடத்திவிட்டது. இந்த நேரத்தில் விஷப் பரீட்சை எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம்.

நான் திருப்பிக் கேட்கிறேன். அந்தத் தேர்தலில் மதுரையில் பதிவானது சுமார் 62 சதவீதம். மாநில சராசரியைவிட ஏழு புள்ளிக்கு மேல் குறைவு. வாக்களிக்காதவர்கள் ஏறத்தாழ ஆறு லட்சம். 4,605இன் மீது நிற்கிற கூட்டணி யாரைத் தேடிப் போக வேண்டும்? ஏற்கெனவே சாதிச் சங்கத் தலைவர்களின் வீட்டு வாசலில் நிற்கிற வரிசையில் இன்னொரு ஆளாகவா? அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு வந்த தெருவுக்குள்ளா? இந்துத்துவம் சேரிக்குள் பந்தல் போட்டு, பொறுப்பு கொடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. நாமோ "எங்கிட்டுப் போகப்போகுது" என்கிறோம்.

முன்னுதாரணமும் இல்லாமல் இல்லை. 2001 இடைத்தேர்தலில் பொதுத்தொகுதியான திருச்சியில் அதிமுக தலித் எழில்மலையை நிறுத்தி வென்றது. 2024இல், அயோத்தியை உள்ளடக்கிய பொதுத்தொகுதியான ஃபைசாபாத்தில் சமாஜ்வாதி கட்சி அவதேஷ் பிரசாத் என்ற தலித் தலைவரை நிறுத்தி, ராமர் கோயில் கட்டிய கட்சியைத் தோற்கடித்தது. ஜெயலலிதாவுக்கும் அகிலேஷுக்கும் முடிந்தது முற்போக்குக் கூட்டணிக்கு முடியாதா?

இது ஒரு தனிமனிதர் மீதான விமர்சனம் இல்லை. வெங்கடேசன் நாடாளுமன்றத்தில் பேசுவதை நானும் மதிக்கிறேன். உத்தப்புரம் சுவரை எதிர்த்துக் களத்தில் நின்றவர்கள் மார்க்சிஸ்ட் தோழர்கள் என்பதையும் மறக்கவில்லை. ஆனால் அதே கட்சியின் அரசியல் தலைமைக்குழுவுக்கு முதல் தலித் உறுப்பினர் வந்தது 2022இல், கட்சி தொடங்கி ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு. 2025 ஏப்ரலில் அதன் 24ஆவது அகில இந்திய மாநாடு மதுரையில்தான் நடந்தது. திமுகவிடம் கேட்க வேண்டிய கேள்வி இதைவிடப் பெரியது. இடதுசாரிகளிடம் கேட்பதற்குக் காரணம், கேட்டால் காது கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை.

மேலூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் மேலவளவு. ஊராட்சித் தலைவர் பதவி தனித்தொகுதி ஆனதால் தேர்தலில் நின்று வென்ற முருகேசன் உட்பட ஆறு பேர் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற பதின்மூன்று பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. அந்த ஊரின் ஓட்டும் "பாதுகாப்பான" கணக்கில்தான் இருக்கிறது. ஓட்டு யாருக்கு விழும் என்பது உறுதியாகத் தெரிந்தால், அந்த ஓட்டுக்காரருக்கு எதையும் கொடுக்க வேண்டியதில்லை. பாதுகாப்பான தொகுதியின் உள்ளர்த்தம் இதுதான்.

ஆகவே, இந்தத் தளத்தை வாசிக்கிற இளம் தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்த தேர்தலுக்கு உங்கள் தெருவுக்கு யார் ஓட்டுக் கேட்டு வந்தாலும், பாசிச எதிர்ப்பைப் பேசி முடித்த பிறகு இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: உங்கள் கட்சி நிச்சயம் வெல்லும் பொதுத்தொகுதி எது, அதில் ஒரு தலித்தை எப்போது நிறுத்துவீர்கள்? பதில் வரும்வரை கேளுங்கள். அந்தப் பட்டியலில் காலனித் தெருவுக்கும் ஒரு கேள்விக்குறி விழட்டும். அன்றுதான் பட்டியலைத் தூக்கிக்கொண்டு அவர் அந்தத் தெருவுக்குள் நடந்து வருவார்.