வாடகை அறைக்கும் வெயிலில் பங்கு

2024-இல் வல்லம் வடகாலில் தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் கட்டித் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். எனக்கு வாய்த்தது மொட்டைமாடிக்குக் கீழே ஒரு வாடகை அறை. நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் படுத்தால் மின்விசிறி அனலைத்தான் இறைக்கிறது.

அந்த வெயிலையே மின்சாரமாக்கலாம். மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. நாளுக்குச் சுமார் 12 யூனிட் கிடைக்கும். ஐந்தாறு அறைகளின் விசிறிக்கும் விளக்குக்கும் தாராளம். ஆனால் வீட்டுக்காரர் ஏன் போடுவார்? கரண்ட் பில் கட்டுவது நாங்களாயிற்றே! கூரை இருப்பவருக்கு மானியம், கூரைக்குக் கீழே வேகிறவருக்குப் பில். இது நியாயமில்லை.

ஒரே சோலார் அமைப்பின் மின்சாரத்தைப் பல இணைப்புகள் பங்கிட்டுக்கொள்ள டெல்லி 2019-லேயே விதி வகுத்தது. எங்கள் பில்லிலும் அப்படி ஒரு பங்கு கழிய மின்வாரியம் வழி செய்யட்டும்.