காயலான் கடை ஹாரன்

பழைய சின்னக் கார் ஒன்று. சொந்தக்காரர் ஹாரனை அழுத்துகிறார். "கீச்" என்று ஒரு சத்தம்! முன்னால் போகும் தண்ணீர் லாரி நகரவில்லை. சைக்கிளில் போகிறவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் சென்னை புதுப்பேட்டைக்குப் போகிறார். உடைத்த கார்களின் உறுப்புகள் குவிந்து கிடக்கும் இடம் அது. கடைக்காரர் நத்தை வடிவத்தில் இரண்டு ஹாரன்களை எடுத்து வைக்கிறார்.

"பெரிய வண்டிச் சரக்கு, சார்! ஒரு அடி அடித்தால் ரோடே ஒதுங்கும்!"

வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. பின்புறம் மோதி நொறுங்கிய காராக இருந்தால், அதன் ஹாரன் புதிது போலவே இருக்கும். அதை உருக்குவதற்கு அனுப்புவதுதான் வீண். ஆனால், பையில் கை விடுவதற்கு முன் ஒரு கேள்வி: பழைய ஹாரன் உண்மையிலேயே கெட்டுவிட்டதா?

குற்றவாளி யார்?

ஹாரனுக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அது காந்தமாகி ஒரு மெல்லிய தகட்டை இழுக்கிறது. இழுத்த உடனே மின் தொடர்பு அறுந்துபோகிறது. தகடு பழைய இடத்துக்கு வருகிறது. மறுபடியும் மின்சாரம், மறுபடியும் இழுப்பு. வினாடிக்கு நானூறு, ஐந்நூறு தடவை இது நடக்கிறது. அந்த அதிர்வுதான் சத்தம்.

பாட்டரியில் 12 வோல்ட் இருந்தாலும், துருப்பிடித்த 'எர்த்' இணைப்பையும் இற்றுப்போன ஒயரையும் தாண்டி ஹாரனுக்கு வந்து சேருவது குறைந்துவிடும். அப்புறம் ஹாரன் முனகத்தானே செய்யும்? துருவைச் சுரண்டிவிட்டால் பாதி நோய் அங்கேயே தீர்ந்துவிடும். கடைக்காரருக்கு இது பிடிக்காத யோசனை!

அப்படியும் சத்தம் போதவில்லை என்றால் ஜோடி ஹாரனே நல்லது. ஒன்று கனத்த குரல், மற்றொன்று மெல்லிய குரல். இரண்டும் சேர்ந்தால் காதைக் குத்தாமல் தூரம் போகும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு ஹாரன் நாலைந்து ஆம்பியர் இழுக்கும். இரண்டென்றால் எட்டு, பத்து. ஒற்றை ஹாரனுக்கென்று போட்ட ஒயரும் பொத்தானும் அதைத் தாங்குமா? பொத்தான் கருகும், ஒயர் சூடேறும். கார் தீப்பிடிக்க அதுவே போதும். ஆகையால், அதே கடையில் ஒரு ரிலேயும் வாங்க வேண்டும். பொத்தான் ரிலேயை மட்டும் இயக்கும். அதற்குக் கால் ஆம்பியர்கூட வேண்டாம். பெரிய மின்சாரம் பாட்டரியிலிருந்து பியூஸ் வழியாக, தடித்த ஒயரில் நேராக ஹாரனுக்குப் போகும். இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க ரிலேயை விட்டுவிடுவது புத்திசாலித்தனம் அல்ல.

வாங்கும்போது முதுகில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். லாரியில் இருந்து கழற்றிய 24 வோல்ட் ஹாரன் காரில் வாய் திறக்காது. கடையிலேயே பாட்டரி வைத்து அடித்துக் காட்டச் சொல்லலாம். மாட்டும்போது நத்தையின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் தேங்கும்.

காற்று ஹாரன்

இத்தனையும் சொன்ன பிறகு கடைக்காரர் இன்னொன்றை நீட்டுவார். பஸ்ஸில் இருந்து வந்த காற்று ஹாரன். அதை மட்டும் தொடக் கூடாது. ஹாரன் "வருகிறேன்" என்று சொல்வதற்குத்தான். "ஓடிப் போ" என்று விரட்டுவதற்கு அல்ல. குழந்தையைப் பின்னால் வைத்து ஸ்கூட்டர் ஓட்டும் தாய், முதுகுக்குப் பின்னால் அந்த அலறலைக் கேட்டுத் தடுமாறி விழுந்தால் யார் பொறுப்பு?

சட்டமும் இதை ஒப்பவில்லை. கடூரமான சத்தமும், பல சுரங்களில் மாறி மாறி ஒலிக்கும் ஹாரனும் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கூடாது. 2019-இல் செய்த சட்டத் திருத்தப்படி, தேவையில்லாமல் ஹாரன் அடித்தாலே முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் அபராதம்.

கழற்றிய பழைய ஹாரனை எறிந்துவிட வேண்டாம். ரிலே கைவிடும் நாளில் அந்தக் "கீச்" சத்தமே வீடு வந்து சேரப் போதும்.