ஊர் வீட்டுக்கு ஒரு டனல்



ஊரில் அப்பா அம்மா இருக்கும் வீட்டின் கேமராவை இங்கிருந்தே பார்க்க ரவுட்டரில் எந்த போர்ட்டைத் திறக்கலாம் என்று பலர் கேட்கிறீர்கள். தயவுசெய்து கேமராவுக்காக எதையும் திறக்காதீர்கள். 2016-இல் மிராய் என்ற மால்வேர், வாங்கும்போது இருந்த பாஸ்வேர்டே மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடித்தேடிப் பிடித்தது. அந்த அக்டோபரில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குத் திறக்காமல் போனதற்கு, யார் யார் வீட்டுக் கேமராக்களோ கருவியாயின.

அதற்குப் பதில் இரண்டு வீட்டு நெட்வொர்க்கையும் டனல் வழியே இணைத்துவிடுங்கள். 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே சேர்ந்துவிட்ட வயர்கார்டு என்ற டனல் மென்பொருள் இதற்குத் தாராளமாகப் போதும். வீட்டுக்கு ஒரு ராஸ்பெரி பை வையுங்கள். ஒவ்வொன்றும் தன் ரகசியச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பொதுச் சாவியை மட்டும் மற்றதற்குக் கொடுக்கும். ஒரு வீட்டில் ஒரே ஒரு யுடிபி போர்ட், வழக்கமாக 51820, திறந்திருந்தால் போதும். சாவி இல்லாதவர் தட்டினால் அங்கிருந்து பதிலே வராது.

பலரும் தடுக்கி விழுவது வேறோர் இடத்தில். இரண்டு ரவுட்டரும் 192.168.1 என்றே எண் கொடுத்துக்கொண்டிருக்கும். ஊரிலுள்ள 192.168.1.20 கேமராவைக் கேட்டால், உங்கள் கணினி அதை உங்கள் வீட்டுக்குள்ளேயே தேடும். டனல் பக்கமே போகாது. ஆகவே சாவி உருவாக்கும் முன்பே ஒரு வீட்டை 192.168.50 என்று மாற்றிவிடுங்கள். கேமராப் பெட்டி, பிரிண்டர் எதற்காவது கையால் எண் போட்டிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். அரை நாள் போகும்; போகட்டும். பிறகு, அடுத்த வீட்டுக்கான பாக்கெட்டை ராஸ்பெரி பையிடம் அனுப்பச் சொல்லி இரண்டு ரவுட்டரிலும் ஒரு ஸ்டாட்டிக் ரூட் போடுங்கள்.

ரவுட்டரின் வெளிமுகவரி 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், அதே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன என்று பொருள். அங்கே போர்ட் திறந்தும் பயனில்லை. அந்த வீடே மற்ற வீட்டை அழைக்கட்டும். கீப்அலைவ் 25 வினாடி என்று வைத்தால் வழி மூடாது. இரண்டு வீடும் அப்படியென்றால் ஐபிவி6 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் நடுவில் சிறிய வாடகை சர்வர் தேவைப்படும்.

இதையெல்லாம் ஊரில் இருக்கும்போதே செய்யுங்கள். பஸ் ஏறும் முன், மொபைலையும் டனலில் சேர்த்து, வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பதை மட்டும் அம்மாவே சொல்லட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்